ஓடைப்பாலம் வரைக்கும்

ஏரிக்கோடி, திருத்தணி
22 ஜனவரி 2025

அண்ணா,

வீடியோ காலில் நான் பேச ஆரம்பித்தால் நீ கண்ணை மூடிக்கொள்கிறாய். காது கேட்கிறவர்கள் சண்டையில் கத்தலாம். நான் கையையும் வாயையும் அசைப்பதை நீ பார்க்காவிட்டால் என் பேச்சு அங்கேயே செத்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினாலோ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

போகிக்கு முந்தின நாள் நீ நெல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்தபோது, ஓடைப்பாலத்தின் மேல் சைக்கிளில் போன என்னை ஒரு டிப்பர் லாரி உரசிக்கொண்டு போனதைப் பார்த்தாய். துப்பட்டா நுனி கிழிந்தது. நான் விழவில்லை. இறங்கி நின்றேன், டிப்பர் கண்ணுக்கு மறைந்ததும் மறுபடி ஏறி மிதித்தேன். நீ வீட்டுக்கு வந்தாய். கரும்பு தின்றாய், படம் பார்த்தாய். கிளம்புகிற காலையில் என் சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டி, சாவியோடு போய்விட்டாய். போகிற போக்கில் அம்மாவிடம், “அவ சைக்கிள தொட்டான்னு தெரிஞ்சா நான் இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றாய். உன் வாயசைவை நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நைனா இறந்த பிறகு அம்மாவுக்கு நீ சொல்வதுதான் சட்டம். நான் அந்தப் பக்கம் நடந்தாலே அம்மா சங்கிலியைப் பார்க்கிறாள்.

நான் வேலைக்குப் போகிற புஷ்பலதா அக்கா தையல் கடை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. ஏரிக்கோடியில் பஸ் நிற்பது பத்தேமுக்காலுக்கு. அதுவும் டிரைவர் மனசு வைத்தால்தான். எனக்கு இருபத்தொன்பது வயது. எதற்காகப் பூட்டினாய் என்று காகிதத்தில் எழுதிச் சொல்.

அனுசுயா


நெல்லூர், லாரி யார்டு
9 பிப்ரவரி 2025

அனு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் சிரிக்காதே.

கரும்பு தின்றேன், படம் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் இருந்த மூன்று ராத்திரியும் நான் தூங்கவில்லை, அதை நீ பார்க்கவில்லை. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அந்த டிப்பர். அவன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான், கையை எடுக்கவே இல்லை. லோடு வண்டிக்காரன் ஹாரன் அடித்தால், நான் வருகிறேன், நீ ஒதுங்கு என்று அர்த்தம். ஒதுங்குவார்கள் என்று நம்பித்தான் அவன் பிரேக்கில் கால் வைக்காமல் வருகிறான். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன், எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஒதுங்காத ஒரு ஆள் அங்கே இருப்பாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அது நீ என்று எனக்கு மட்டும் தெரிந்தது. “ஏய், நிறுத்துடா!” என்று பஸ்ஸுக்குள் கத்தினேன். கண்டக்டர், “இன்னா சார், ஸ்டாப்பிங் வர்ல இன்னும்” என்றான்.

ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து உன் காது போனபோது ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு தடவை அப்படி ஒரு வாசலில் நிற்க என்னால் முடியாது.

எங்கள் வண்டியில் இடது பக்கம் கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் யார் இருந்தாலும் தெரியாது. அங்கேதான் நீங்கள் எல்லாம் ஓட்டுகிறீர்கள். முன்னே அந்த ரோட்டின் ஓரத்தில் மண்ணாவது இருந்தது. அகலப்படுத்துகிறோம் என்று அதையும் தாராக்கிவிட்டார்கள். தார் இருக்கிற வரைக்கும் வண்டி வரும்.

சாவி தரமாட்டேன். பஸ்ஸில் போ.

ஹேமநாதன்


ஏரிக்கோடி
16 மார்ச் 2025

அண்ணா,

பஸ்ஸில்தான் போனேன். இரண்டு நாள் நின்றது, மூன்று நாள் நிற்காமல் போனது. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆள் சேரும் வரை வண்டியை எடுக்கமாட்டான். எடுத்த பிறகு எங்கே இறக்கிவிடுகிறான் என்று சொன்னால் எனக்குப் புரியாது, ஏனென்றால் அவன் முதுகுதான் எனக்குத் தெரியும். ஒருநாள் பைபாஸில் இறக்கிவிட்டான். திரும்பி நடந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது புஷ்பலதா அக்கா மற்றவர்களுக்குத் துணியைப் பிரித்துக் கொடுத்து முடித்திருந்தாள். திட்டவில்லை. “வூட்லயே வெச்சித் தச்சிக் குடு அனு, நான் ஆள் விட்டு அனுப்பறேன்” என்று மட்டும் சொன்னாள். ஆள் வாரத்துக்கு ஒருமுறை வருகிறான்.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். தையல் மிஷின், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சைக்கிள். உனக்கு ஒன்று தெரியுமா, கடையில்தான் எனக்குப் படிக்க நிறைய வாய்கள். எல்லோரும் என் எதிரில் உட்கார்ந்து முகத்தைக் காட்டிப் பேசுவார்கள். இங்கே அம்மாவின் வாய் ஒன்றுதான். அதுவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறது.

ஜன்னல் வழியாக எதிர்வரிசை வீடுகளைப் பார்க்கிறேன். எல்லப்பன் மாமா வீட்டில் துர்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் மேல் மிளகாய் காய்கிறது. அவளை மாமா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். அவருக்குக் கூலி வேலை தூரத்தில் கிடைத்த நாளில் அவள் வீட்டில் இருக்கிறாள். அதற்கடுத்த வீட்டில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் ஷாலினி. அவள் சைக்கிளில் கோழி அடைகிறது.

போன வாரம் டீக்கடை ஓரத்தில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோட்டில் எந்த வண்டி எத்தனை போகிறது என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர்க்குடத்தோடு நின்று எட்டிப் பார்த்தேன். லாரி, டிப்பர், கார், பைக் எல்லாவற்றுக்கும் கோடு கோடாக இருந்தது. சைக்கிளுக்கு ஒன்றுமில்லை. ஒருவனிடம் ஏன் என்று கேட்டேன். என் குரல் அவனுக்குப் பழகவில்லை, இரண்டு தடவை கேட்ட பிறகு பதில் சொன்னான்: “சைக்கிள்லாம் இப்ப யாரும்மா ஓட்றாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணா. ஓட்டுகிறவர்கள் எல்லாரையும் வீட்டில் பூட்டிவிட்டு, ரோட்டில் யாருமில்லை என்று எழுதுகிறார்கள். நீ ஒருத்தியைப் பூட்டினாய். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஹேமநாதன் இருக்கிறான்.

ரோட்டோரம் மூன்றடி தனியாகப் பிரித்து, நடுவே வண்டி ஏறமுடியாத ஒரு தடுப்பு வைத்தால் போதும். நானும் ஷாலினியும் புஷ்பலதா அக்காவும் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுக்கப் போகிறோம். ரயிலில்தான். ரயிலுக்கு நீ சங்கிலி போடவில்லையே.

அனுசுயா


நெல்லூர்
13 ஏப்ரல் 2025

அனு,

மனு கொடு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றடி கேட்கிறாய். நாங்கள் ரோட்டில் மூன்று அங்குலத்துக்குச் சண்டை போடுகிறோம்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒன்று மனசில் குடைந்துகொண்டே இருந்தது. இங்கே வாட்ச்மேன் வெங்கடேசனிடம் ஒரு பழைய சைக்கிள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கி, காதில் பஞ்சை நன்றாக அடைத்துக்கொண்டு, யார்டு வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். வெங்கடேசன், “ஏமய்யா, பைத்தியமா உனக்கு?” என்று கேட்டார்.

பஞ்சு வைத்தாலும் கொஞ்சம் கேட்கத்தான் செய்தது. அப்படியும், வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் வந்தது தெரிகிறது. முதலில் காற்று தள்ளுகிறது, அப்புறம் உள்ளே இழுக்கிறது. ஹேண்டில் நம் கையில் இல்லை. ஒரு கன்டெய்னர் என்னைத் தாண்டிய போது அதன் சக்கரம் என் தோளுயரத்துக்கு இருந்தது. பதினோரு வருஷமாக அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை.

பங்க் வரைக்கும் போகவில்லை. பாதியில் இறங்கி, முள்ளுச்செடி ஓரமாகத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். சைக்கிளை வெங்கடேசனிடம் கொடுத்துவிட்டு என் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இதைப் படித்து நான் மனசு மாறிவிட்டேன் என்று நினைக்காதே. முன்னே பயந்தது பார்த்ததை வைத்து. இப்போது பயப்படுவது தெரிந்துகொண்டு. இனிமேல் சாவி என்ற பேச்சே வேண்டாம்.

அண்ணன்


ஏரிக்கோடி
25 மே 2025

அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். “அவன் ஏன் ரோட்டுக்குப் போனான்?” என்று அழுதாள். உனக்காக அழுதாள், கவனி.

நீ பாதியில் இறங்கிவிட்டாய். யார்டுக்கு வந்ததும் உனக்கு லாரி இருந்தது, ஏறி உட்கார்ந்துகொள்ள ஒரு உயரம் இருந்தது. எனக்கு இறங்கினால் வீடுதான். நீ பயந்தது எனக்குத் தெரியாத பயம் இல்லை. ஆறு வருஷம் அந்தப் பயத்தோடுதான் ஓட்டினேன். நடுரோட்டில் சாகவேண்டும் என்று எனக்கு ஆசையா? கடைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். நீ இரண்டு வழிதான் வைக்கிறாய்: ரோட்டில் அடிபடு, இல்லை வீட்டில் கிட. மூன்றாவது ஒன்று கேட்கத்தான் போனோம்.

போன இடத்தைக் கேள். மூன்று திங்கட்கிழமை போனோம். ஆபீசர் நல்லவர் மாதிரிதான் இருந்தார், ஆனால் என்னிடம் பேசாமல் புஷ்பலதா அக்காவிடம் பேசினார். “இவங்களுக்குக் காது கேக்காதுன்னா ஏம்மா ரோட்டுல வுட்றீங்க?” நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு எதிரில் நிற்கிறேன். “சார், என்னைக் கேளுங்க” என்றேன். அவர் திடுக்கிட்டுவிட்டார். பிறகு கணக்கெடுப்பைப் புரட்டி, அந்த ரோட்டில் சைக்கிள் போக்குவரத்து இல்லை, இல்லாததற்கு எப்படித் தனிப் பாதை கேட்பது என்றார். ஷாலினி, “பாதை போட்டா வருவாங்க சார்” என்றாள். “மொதல்ல வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார்.

திரும்பும்போது ரயிலில் யாரும் பேசவில்லை. ஒருவர் வாயும் அசையாவிட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

சங்கிலியை உடைக்க எனக்குத் தெரியாமல் இல்லை. நீ வாசப்படி மிதிக்காமல் போனால் அம்மா தாங்கமாட்டாள். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். பூட்டியது சைக்கிளை இல்லை.

அனு


ஏரிக்கோடி
20 ஆகஸ்ட் 2025

அண்ணா,

மூன்று மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இதை உட்கார்ந்து நிதானமாகப் படி. கோபப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள்.

ஆடிக் கிருத்திகைக்கு நம் ரோட்டில் காவடி வருகிற கூட்டம் உனக்குத் தெரியும். போன வருஷம் நெரிசலில் இரண்டு பேருக்கு அடிபட்டதால், இந்த முறை நடக்கிறவர்களுக்காக இடது ஓரம் முழுவதும் மணல் நிரப்பிய டிரம் வைத்துக் கயிறு கட்டினார்கள். ஏரிக்கோடியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை, ஓடைப்பாலத்தின் மேலும்கூட. லாரியெல்லாம் டிரம்முக்கு அந்தப் பக்கம் மெதுவாகப் போயின.

கிருத்திகைக்கு மறுநாள் காலை கூட்டம் வடிந்துவிட்டது. டிரம் மட்டும் அப்படியே நின்றது. அம்மா வாசலில் நின்று ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். பிறகு செருப்பு மாட்டிக்கொண்டு எங்கேயோ போனாள். திரும்பி வந்தபோது கூடவே வெல்டிங் கடை கஜபதி. “அறு” என்று சங்கிலியைக் காட்டினாள். நான் தலையிடவே இல்லை அண்ணா, சத்தியமாக. அவர் அறுத்ததும் அம்மா என் பக்கம் திரும்பி முகத்தை நேராகக் காட்டி, “கவுத்துக்கு உள்ளயே போ. வெளிய வந்த, தோல உரிச்சிடுவேன்” என்றாள்.

போனேன். ஏழு மாதம் கழித்து. என் பாட்டுக்கு ஓட்டினேன். பின்னால் என்ன வருகிறது என்று தோள்பட்டையால் கேட்டுக்கொண்டே போகவேண்டியதில்லை. வழியெல்லாம் பூவும் விபூதியும் சிதறிக் கிடந்தன. புஷ்பலதா அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

சாயங்காலம் நான் திரும்புவதைப் பார்த்துவிட்டு ஷாலினி கோழியை விரட்டினாள். மறுநாள் துர்கா வந்தாள், அவள் கூட்டாளிகள் வந்தார்கள், பால் ஊற்றுகிறவர், சின்னம்மாள் அத்தை இட்லிக் குண்டானோடு. இத்தனை சைக்கிள் இந்த ஊரில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

அதற்கடுத்த நாள் டிரம்மை ஏற்றிப்போக வேன் வந்தது. ஆட்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே வந்தார்கள். நம் வீட்டு எதிரில் இருந்த டிரம்மின் மேல் அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எழுந்திரு பாட்டிம்மா, டூட்டி முடிஞ்சிது.”

“சாமிக்கு நடக்கறவங்களுக்கு வெச்சீங்களே, வேலைக்குப் போறவளுக்கு வெக்கக் கூடாதா? எம் பொண்ணு போய்க்கினு வந்துகினு கீறா. நான் எழுந்திருக்க மாட்டேன்.”

சின்னம்மாள் அத்தை அடுத்த டிரம்மில் உட்கார்ந்தாள். எல்லப்பன் மாமா அதற்கடுத்ததில். போலீஸ் வந்தது. எஸ்.ஐ. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். “ஒரு வாரம் இருக்கட்டும்” என்றார். ஒரு வாரத்துக்குள் நெடுஞ்சாலை இலாகா இன்ஜினியரைக் கூட்டிவந்து ஓட்டுகிறவர்களைக் காட்டவேண்டும்.

அம்மா உன்னிடம் நேராகச் சொல்லப் பயப்படுகிறாள். வாசப்படி மிதிக்காமல் போய்விடாதே.

அனு


நெல்லூர்
2 செப்டம்பர் 2025

அனு,

அம்மா டிரம் மேல் உட்கார்ந்த வீடியோ எனக்கு முன்பே வந்துவிட்டது. யார்டில் எல்லோரும் பார்த்தார்கள். “எவர்ரா இந்தப் பெத்தம்மா?” என்று வெங்கடேசன் கேட்டார், யாரடா இந்தக் கிழவி என்று அர்த்தம். எங்கம்மா என்றேன்.

கோபம்தான். என்னைக் கேட்காமல் அறுத்தது கோபம். ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நான் செய்ததும் பயத்தில், அவள் செய்ததும் பயத்தில்.

இன்ஜினியர் வந்தால் இதைச் சொல். தடுப்பைத் தாழ்வாக வைக்கவேண்டாம், எங்கள் சீட்டிலிருந்து தெரியாது, ஏறிவிடுவோம். இடுப்பளவு வேண்டும், இரவில் மின்னவேண்டும். அப்படி இருந்தால் எவனும் அந்தப் பக்கம் ஒதுங்கமாட்டான். சொல்லப்போனால் எங்களுக்கும் அதுதான் நிம்மதி. இடது பக்கம் யார் இருக்கிறார்களோ என்று பயந்துகொண்டே ஓட்டவேண்டாம்.

தீபாவளிக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அண்ணன்


ஏரிக்கோடி
30 நவம்பர் 2025

அண்ணா,

இன்ஜினியர் வந்து சைக்கிள்களை எண்ணிப் போன பிறகு தொடங்கிய வேலையில் நீ தீபாவளிக்குப் பார்த்தது பாதி. இப்போது முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து இடுப்பளவு சிமென்ட் தடுப்பு, மஞ்சள் பட்டை. துர்கா தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். எல்லப்பன் மாமா எந்த ஊருக்குக் கூலி கிடைத்தாலும் போகிறார்.

ஆனால் ஓடைப்பாலத்துக்கு வந்ததும் தடுப்பு நின்றுவிடுகிறது. பாலம் குறுகல் என்கிறார்கள். அகலப்படுத்தத் தனி எஸ்டிமேட், தனி இலாகா, எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. கிருத்திகைக்கு டிரம் வைத்தீர்களே என்றேன். “அப்ப ஒரு பக்க டிராபிக்க வேற வழில திருப்பி வுட்டோம்மா. தினிக்கும் முடியுமா?” என்றார் இன்ஜினியர்.

அதனால் பாலத்தண்டை இறங்கிவிடுகிறோம். திரும்பிப் பார்த்து, இடைவெளி கிடைக்கும் வரை நின்று, தள்ளிக்கொண்டு ஓடுகிறோம். மற்றவர்கள் சத்தத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள். நான் பாலம் முடியும் வரை தலையைத் திருப்பிக்கொண்டே போகிறேன். அம்மா சாயங்காலமானால் வாசலை விட்டு நகர்வதில்லை. ஜன்னலுக்குள் இருந்த நான் இப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், அவ்வளவுதான்.

அனு


ராணிப்பேட்டை
5 டிசம்பர் 2025

அனு,

இது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுவது. ராணிப்பேட்டைக்கு லோடு கிடைத்தது. நம் ரோடு வழியாகத்தான் நேற்று மாலை வந்தேன். இறங்க நேரமில்லை, யாருக்கும் சொல்லவில்லை.

நல்ல மழை. ஓடைப்பாலத்துக்கு வந்தபோது முன்னால் நீ. நீல ரெயின்கோட், தலைமூடி போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தில் பாதி போயிருந்தாய். எனக்குப் பின்னால் ஒரு டிப்பர் வலது பக்கம் மூக்கை நீட்டினான். நான் ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டியைப் பாலத்தின் வாயில் குறுக்கே போட்டு நிறுத்திவிட்டேன். ஒருவனும் போகமுடியாது.

என்ன ஹாரன், அனு! பின்னால் பஸ், டிப்பர், கார் எல்லாம். டிப்பர்காரன் இறங்கி வந்து கதவைத் தட்டினான். “இன்னாடா பண்ணிகினு கீற?” என்றான். “என் தங்கச்சி போறா. போய் முடிக்கட்டும்” என்றேன். அவன் எட்டிப் பார்த்தான். அப்புறம் மழையில் என் கதவுப் பக்கத்திலேயே நின்றான்.

நீ ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அக்கரைக்குப் போய் ஏறி மிதித்துப் போய்விட்டாய். உன் பின்னால் இத்தனை சத்தம் இருந்தது உனக்குத் தெரியாது. நான் வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரமானது, கண்ணாடி மங்கலாக இருந்தது.

ஆனால் நான் எத்தனை நாளைக்கு அந்த வழியாக வருவேன்?

அண்ணன்


ஏரிக்கோடி
11 டிசம்பர் 2025

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு ஷாலினி வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ரோட்டிலேயே இல்லை. மழை என்று மதியமே எல்லப்பன் மாமா என்னைப் பைக்கில் கூட்டிவந்துவிட்டார். என்னிடம் நீல ரெயின்கோட்டும் இல்லை.

ஷாலினியிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. படித்துவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். “பின்னாடி அத்தினி ஹாரன் அனு. என்னத்தான் திட்றாங்கன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா விழுந்துடுவேன்னு பயம். சாமி சாமின்னு தள்ளிகினே போய்ட்டேன். வூட்டுக்கு வந்து அழுதேன்” என்றாள்.

உன் தங்கச்சி என்று நினைத்து நிறுத்தினாய். இல்லை என்று தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த டிப்பர்காரனுக்கு அவள் யாருமில்லை. அவனும் நின்றான்.

வருகிற திங்கட்கிழமை பாலத்துக்காகத் திருவள்ளூர் போகிறோம். உனக்கு அன்றைக்கு லோடு இல்லையென்றால் வா. மழையில் டிரைவர் சீட்டிலிருந்து நீ கேட்ட ஹாரன் எப்படி இருந்தது என்று அங்கே சொல்ல எங்களோடு ஒரு ஆள் வேண்டும். என்னால் அதைச் சொல்லமுடியாது.

அனு